துக்க காலத்தில் கைவேலை நகைக் கடை: சேலத்திலும் ஏற்காட்டிலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அம்மாவையோ அப்பாவையோ இழந்த சில மாதங்களுக்குள், வீட்டில் கிடக்கும் பழைய பொருளைக் கொண்டு நகை செய்து சந்தையில் விற்கத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறோம். பழைய சேலை, காலண்டர் தாள், சட்டைப் பட்டன், அறுந்த கொலுசு. இவற்றோடு கொக்கி, கம்பி, பசை, வார்னிஷ், குறடு என்று 2,000 ரூபாய் அளவில் வாங்கினால் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

இந்த வேலை துக்கத்தில் இருப்பவருக்கு ஒத்துவரும். ஒரே கைவேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, பாதியில் விட்டு எழுந்து போகலாம், போட்டது போட்டபடி இருக்கும், கெட்டுப்போகாது. விற்பது அப்படியல்ல. முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசவேண்டும், சில்லறை தவறக்கூடாது, பேரம் பேசவேண்டும், தெரிந்தவர்கள் வந்து விசாரித்தால் பதில் சொல்லவேண்டும். புதியவர்கள் நகை செய்வதில் தோற்பதில்லை, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் தடுமாறுகிறார்கள். ஆகவே சந்தைக்குப் போகும் முன்பே எடுக்கக்கூடிய முடிவுகளை எல்லாம் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

எப்போது ஆரம்பிக்கலாம்

காரியம் முடியும்வரை கத்தரிக்கோலைத் தொடவேண்டாம். அதன் பிறகும் முதலில் காகித வேலை. மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்து, இறப்புச் சான்றிதழில் ஐந்தாறு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இது நகை வேலைக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும், ஆனால் சந்தைக்கு நடுவில் வங்கியிலிருந்து போன் வந்தால் அன்றைய வியாபாரம் போய்விடும்.

பெற்றோரே தெருவோர வியாபாரியாக இருந்து, விற்பனைச் சான்று அவர் பெயரில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, சான்று பெற்றவர் இறந்தால் அவருடைய கணவனோ மனைவியோ, அடுத்ததாக அவரைச் சார்ந்திருந்த பிள்ளையோ, சான்றின் காலம் முடியும்வரை அதே இடத்தில் வியாபாரம் செய்யலாம். இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்ளும் முன் இறப்புச் சான்றிதழோடு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பேசிவிடுவது நல்லது.

ஜிபே, போன்பே கியூஆர் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். அம்மாவின் கணக்கோடு இணைந்த பழைய அட்டையை மேசையில் வைத்தால், பணம் இறந்தவர் கணக்கில் போய் விழும், அந்தக் கணக்கை வங்கி நிறுத்தியதும் எடுக்க முடியாது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் பணம் அனுப்பும்போது அம்மாவின் பெயரைச் சத்தமாகப் படித்து, "இதுதானுங்களா?" என்று கேட்பார். உங்கள் பெயரில் புது அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் சிம்மை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தவேண்டாம். வங்கி, எல்ஐசி, கேஸ் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும்.

அடுத்து, காலண்டரில் போகக்கூடாத நாட்களைக் குறியுங்கள். மாசியம் (மாதாமாதம் செய்யும் சடங்கு), அமாவாசை, அவருடைய பிறந்தநாள், பெற்றோரின் கல்யாண நாள், தலைத்திவசத்துக்கு (முதல் வருஷத் திதி) முந்தைய வாரம். இந்த நாட்களுக்குக் கடை பதிவு செய்யாதீர்கள். முதல் வருஷம் பண்டிகை கொண்டாடாத வீடுகளில் தீபாவளிச் சந்தைக்குப் போகலாமா என்ற கேள்வி வரும். கோயில் விழாக் கடையும் அப்படித்தான். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமோ, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவிலோ கடை போடுவதை ஒரு வீடு தவறாக எடுத்துக்கொள்ளாது, இன்னொரு வீட்டில் பெரிய சண்டையே வரும். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டு முடிவு செய்து, அதைக் கடைசிவரை மாற்றாமல் இருங்கள். வாரத்துக்கு வாரம் அதே பேச்சைப் பேசுவதுதான் ஆளைச் சோர்த்துவிடும்.

விற்பது தனி, வைத்துக்கொள்வது தனி

பெற்றோரின் பொருட்களில் கைவைக்கும் முன் மூன்று அட்டைப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் தொடவே கூடாதவை: தாலி, மெட்டி, கடிகாரம், கண்ணாடி, கையெழுத்து உள்ள எதுவும், கூடப்பிறந்தவர்கள் இன்னும் பார்க்காத எதுவும். தங்கம், வெள்ளி எல்லாம் இதில்தான் போகவேண்டும். பங்கு பேசி முடிக்காத நகையை உருக்குவதும் வெட்டுவதும் உறவையே வெட்டிவிடும்.

இரண்டாவது பெட்டியில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் செய்யப்போகும் நகைக்கான துணியும் பட்டனும். இவை விற்பனைக்கு அல்ல. மூன்றாவதில் விற்பனைச் சரக்கு, அதாவது பெரும்பாலும் காலண்டர், பழைய பத்திரிகைத் தாள், தையற்கடை வெட்டுத்துணி, காயலாங்கடையில் எடையில் வாங்கிய பித்தளை, செம்பு.

எங்கள் கணிப்பு இதுதான்: முதல் ஆறு மாதம் பெற்றோரின் துணியில் ஒரு முழம்கூட விற்பனைக்குப் போகக்கூடாது. அம்மா சேலையில் செய்த வளையலை ஒருவர் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதுக்குப் போய் 150 ரூபாயா?" என்று கீழே வைத்துவிட்டுப் போவார். அவர் பேசியது வளையலைப் பற்றித்தான். உங்களுக்கு அப்படிக் கேட்காது.

துவைக்காத ரவிக்கை ஒன்றையோ துண்டு ஒன்றையோ மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு முதல் பெட்டியில் வையுங்கள். துவைத்தால் வாசம் போய்விடும், பிறகு வராது. மற்ற துணிகளை வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆகவேண்டும், ஏனென்றால் எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காது.

சேலை வெட்டும்போது முந்தானையைத் தொடாதீர்கள். இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து, சேலையின் முழு அகலத்துக்கும் 15 செ.மீ. மட்டும் வெட்டி எடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் இது குறைந்தால் உடுத்தும்போது தெரியாது, கொசுவத்துக்குள் போய்விடும். ஓரத்தை மடித்துத் தைத்தால் சேலை முழுசாக இருக்கும். வெட்டிய துண்டில் 2 செ.மீ. அகலப் பட்டை ஏழு வரும், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அக்கா, தங்கை, மகள், சித்தி என்று ஆளுக்கொரு வளையல் செய்ய இது போதும். வெட்டும் முன் சேலையை விரித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகை போதும்

தொடக்கத்தில் பத்து வகை செய்யாதீர்கள். வகை கூடினால் உதிரிப் பொருள் கூடும், விலை நினைவில் நிற்காது. பேப்பர் மணிக் கம்மல், துணி வளையல், பட்டன் தோடு. இவை மூன்றும் நெருப்பு, அமிலம், பற்றவைப்பு இல்லாதவை. தூக்கமில்லாத ராத்திரிகளில் கூர்மையான கருவியும் சூடான கருவியும் கையில் இருக்கவேண்டாம்.

பேப்பர் மணிக்குத் தாளைத் தேர்வதுதான் பாதி வேலை. வாரப் பத்திரிகையின் வழவழப்பான தாள் நன்றாகச் சுருளும். மாதக் காலண்டர் தாள் கொஞ்சம் தடிமன், மணி பெரிசாக வரும். கல்யாணப் பத்திரிகை அட்டை வேண்டாம், சுருட்டும்போதே வெடிக்கும். 30 செ.மீ. நீளம், அடி 2 செ.மீ., நுனி கூர்மையாக நீண்ட முக்கோணங்களாக வெட்டுங்கள். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாகக் கோடு போட்டால் ஏ4 அளவுத் தாளில் சுமார் 20 மணி வரும்.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2 மி.மீ. தடிமன், சுருட்ட அதுவே நல்ல கருவி. அகலமான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதல் சுற்றில் பசை வைக்காதீர்கள், வைத்தால் மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் சுற்றிலிருந்து ஃபெவிகாலை விரலால் மெல்லியதாகத் தடவி, நுனி நடுவில் வரும்படி சுருட்டுங்கள். நுனி ஒரு பக்கம் சாய்ந்தால் பிரித்து மறுபடி சுருட்டவேண்டும், பசை காயும் முன்.

ஒரு முழு நாள் காயவிட்ட பிறகுதான் வார்னிஷ். பெரும்பாலான புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இது. உள்ளே பசை ஈரமாக இருக்கும்போது மேலே வார்னிஷ் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மணி வெள்ளை பூத்து மங்கிவிடும், அழுத்தினால் அமுங்கும். தண்ணீர் கலக்கும் வகை வார்னிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நான்கு மணி நேரம். மணிகளைப் பல்குச்சியில் செருகித் தெர்மாகோலில் குத்தி, நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் குமிழி வரும். சேலத்தில் ஒரு நாளில் காய்வது ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் இருக்கும் மாதங்களில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். மலையில் குடியிருப்பவர்கள் மணியை அரிசி டப்பா மாதிரி மூடியுள்ள பாத்திரத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நல்லது.

சரியாகக் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: ஐந்து மணியை உள்ளங்கையில் மூடிப் பத்து நிமிஷம் வைத்திருங்கள். கையில் ஒட்டினாலோ ஒன்றோடொன்று ஒட்டினாலோ இன்னும் ஆகவில்லை. சேலம் வெயிலில் கழுத்து வியர்வை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும்.

மணித் துளை 2 மி.மீ. இருக்கும், மணியைக் கோக்கும் ஐ-பின் (ஒரு முனையில் வளையம் உள்ள கம்பி) அதைவிட ரொம்ப மெல்லிசு. நேராகக் கோத்தால் மணி ஆடும், பின் தலை துளைக்குள் நுழைந்துவிடும். இரண்டு பக்கமும் 3 மி.மீ. சின்ன உலோக மணி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மேலே 1 செ.மீ. கம்பி விட்டு வெட்டி, நேர்க்கோணமாக மடித்து, உருண்டை மூக்குக் குறடால் வளையமாக்குங்கள். வளையம் முழுசாக மூடவேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் கம்மல் ஒரு வாரத்தில் விழும். பாகங்களை இணைக்கும் சின்னக் கம்பி வளையத்தை (ஜம்ப் ரிங்) திறக்கும்போது இரண்டு முனையையும் வெளிப்பக்கம் இழுக்காதீர்கள், ஒன்றை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் திருப்புங்கள். இழுத்துத் திறந்த வளையம் திரும்ப வட்டமாகாது.

காதுக் கொக்கியில் மட்டும் காசு பார்க்கவேண்டாம். மலிவான கொக்கியில் நிக்கல் இருக்கும், பலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். சர்ஜிக்கல் ஸ்டீல் கொக்கி கேட்டு வாங்குங்கள். அரித்த காதோடு ஒருவர் திரும்பி வந்து நாலு பேர் முன்னால் கத்துவதைத் தாங்கும் நிலையில் நீங்கள் இப்போது இல்லை.

துணி வளையலுக்குப் பழைய பிளாஸ்டிக் அல்லது உலோக வளையல் அடிப்படை. 2.6 அளவு வளையலின் உள்விட்டம் சுமார் 60 மி.மீ., 2.4 என்றால் 57. துணி சுற்றியதும் உள்ளே இரண்டு மூன்று மி.மீ. குறையும். ஆகவே 2.6 போடுபவருக்கு 2.8 வளையலில் சுற்றவேண்டும். இதை மறந்தால் செய்ததெல்லாம் சின்னதாகி யார் கைக்கும் ஏறாது. 1 செ.மீ. அகல வளையலை ஒருமுறை சுற்றிவர 2 செ.மீ. பட்டையில் 60 செ.மீ. போதும், பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். பழைய பட்டு மடிப்பில் இற்றுப்போயிருக்கும். தையற்கடையில் கிடைக்கும் ஒட்டும் கேன்வாஸை அடியில் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு வெட்டினால் கிழியாது. முடியும் முனையை வளையலின் உள்பக்கம் கொண்டுவந்து பசை வைத்து, துணி கிளிப்பில் இரவு முழுக்கக் கவ்வவிடுங்கள். விற்பனை வளையலுக்குத் துணி தேடினால் அம்மாபேட்டைப் பக்கம் நெசவாளர் வீடுகளிலும் தையற்கடைகளிலும் துண்டுத்துணி கேட்டுப்பாருங்கள்.

பட்டன் தோடு எளிது. பட்டனின் பின்பக்கத்தை உப்புத்தாளில் நாலு தேய், தோடு பேஸில் (காதில் மாட்டும் தண்டுள்ள அடித்தட்டு) துளி பி7000 என்ற நகைப் பசை, 24 மணி நேரம் அசைக்காமல். தேய்க்காமல் ஒட்டினால் ஒரு வாரத்தில் பட்டன் தனியாக வரும். பட்டன் இரண்டும் ஒரே அளவா, ஒரே நிறமா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப் லைட்டில் ஏமாற்றும்.

கை பழகியபின் அறுந்த கொலுசின் சலங்கைகளைச் சேர்க்கலாம். சேலத்தில் கொலுசு இல்லாத வீடு இல்லை, அதனால் வாங்குபவர்களுக்கு அந்தச் சத்தம் உடனே பிடிக்கும். ஆனால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகள் இருக்கும் ஊரில் 'வெள்ளி' என்று வாய்தவறிச் சொல்லாதீர்கள். சோதித்த சான்று இல்லாமல் தரம் சொல்லக்கூடாது, 'பழைய கொலுசுச் சலங்கை' என்று மட்டும் எழுதுங்கள். மோட்டார் வைண்டிங் செம்புக் கம்பி காயலாங்கடையில் கிடைக்கும். மேல்பூச்சை எரித்து எடுக்கவேண்டாம், புகை நச்சு. உப்புத்தாளில் தேய்த்தே எடுங்கள். பழைய கவரிங் நகையில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் நகைக்கு அது கூடவே கூடாது. புழக்கத்தில் உள்ள காசைத் துளைத்து டாலர் செய்வதும் வேண்டாம், நாணயத்தைச் சிதைப்பதை 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடுக்கிறது.

விலை

மனசு சரியில்லாதபோது விலையைக் குறைத்துச் சொல்லவே வாய் வரும். ஆகவே கணக்கைத் தாளில் போட்டு, அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு ஜோடி பேப்பர் மணிக் கம்மலை எடுத்துக்கொள்வோம். கொக்கி 6, பின்னும் வளையமும் 3, தாள், பசை, வார்னிஷ் 3, அட்டையும் கவரும் 3, ஆக 15 ரூபாய். கால் மணி நேர வேலை, மணிக்கு 100 என்றால் 25. கடை வாடகை, பஸ், சாப்பாடு என்று அன்றைய செலவு 500 ஆகி, 25 உருப்படி விற்றால் ஒன்றுக்கு 20. மொத்தம் 60. இதை 90க்கு விற்றால்தான் விற்காமல் திரும்புவதும் பழுதாவதும் ஈடாகும். இந்த எண்கள் மாதிரிக்குத்தான், வரிசை இதுவே. கூலியை விட்டுவிட்டு 15 ரூபாய்ப் பொருளை 40க்கு விற்று லாபம் என்று நினைப்பவர்கள் மூன்று மாதத்தில் கடையை விட்டுவிடுகிறார்கள்.

"கடைசியா என்ன விலைங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். குறைப்பதை நீங்களே முன்கூட்டி எழுதி வையுங்கள்: ஒரு ஜோடி 90, மூன்று ஜோடி 240. கேட்பவருக்கு அட்டையைக் காட்டினால் போதும், வாதாட வேண்டியதில்லை.

முதல் சந்தைக்கு 40 ஜோடி கம்மல், 12 வளையல் (2.4, 2.6, 2.8 மூன்று அளவிலும்), 15 ஜோடி தோடு இருந்தால் மேசை நிறைவாகத் தெரியும்.

எங்கே விற்பது

உழவர் சந்தை விவசாயிகளின் விளைபொருளுக்கானது, அங்கே நகைக்கு இடமில்லை. முதல் இரண்டு தடவை பள்ளி, கல்லூரி விழாக் கடை, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கண்காட்சி போன்ற அரைநாள் இடங்களாகப் பாருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்டப் பிரிவில், குழுப் பொருட்களுக்கான கண்காட்சிகள் எப்போது நடக்கின்றன என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம். சின்னக் கடைவீதிப் பக்கம் நடைபாதையில் திடீரென்று கடை விரிக்கவேண்டாம். அங்கே ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவரின் பல வருஷத்து இடம், சச்சரவு வந்துவிடும்.

ஏற்காட்டில் வியாபாரம் சனி, ஞாயிறும் மே மாதமும். கோடை விழா, மலர்க்காட்சி நாட்களில் அண்ணா பூங்கா, ஏரிப் பக்கம் கூட்டம் நெரியும். வருபவர்கள் பெங்களூர், சென்னை, ஈரோடு என்று வெளியூர்க்காரர்கள். பை நிறையாத சின்னப் பரிசுப் பொருள் தேடுவார்கள், 100 முதல் 200 ரூபாய்க்குள் இருப்பது நிற்காமல் போகும். அவர்களுக்கு உங்கள் வீட்டு விஷயம் தெரியாது என்பது துக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய வசதி, யாரும் விசாரிக்கமாட்டார்கள். சேலத்தில் ஊர்க்காரர்கள் மத்தியில் உட்காருவதைவிட முதல் சந்தைக்கு மலைதான் ஏற்றது என்பது எங்கள் எண்ணம். இடத்துக்கான அனுமதியை உள்ளாட்சி அலுவலகத்திலோ விழா நடத்துபவர்களிடமோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் எஸ்டேட், விடுதி வளாகம் என்றால் உரிமையாளரின் சம்மதம்.

பொருள் போட்டுக் கொடுக்கப் பிளாஸ்டிக் கேரி பேக் கொண்டுபோகாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுக்கத் தடை, மலையில் சோதனை அதிகம். பழைய பேப்பரில் மடித்த கவரே இந்த நகைக்குப் பொருத்தம்.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்படவேண்டாம். மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை.

சந்தை நாள்

அழுதழுது தூங்கியவருக்குக் காலையில் ஒன்றும் நினைவில் நிற்காது. எடுத்துப்போகவேண்டிய பட்டியலைப் பெட்டி மூடியின் உள்பக்கமே ஒட்டிவிடுங்கள்: 500 ரூபாய்க்குச் சில்லறை, கியூஆர் அட்டை, பவர் பேங்க், குறடு இரண்டு, உபரிக் கொக்கி 20, கண்ணாடி, மேசைத் துணி, கிளிப், நோட்டு, பேனா, குடை, தண்ணீர், சாப்பாடு. கண்ணாடி இல்லாமல் போனால் கம்மல் விற்காது.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. கம்மல்களை அட்டையில் மாட்டி அடுக்கி, நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து இறுக்கக் கட்டுங்கள். தளர்வாகப் போட்டால் மேலே போய்ச் சேரும்போது ஒரே சிக்கலாக இருக்கும். மலையில் காற்று அட்டைகளைத் தூக்கும், சாக்குத் துணியை விறைப்பாகக் கட்டி அதில் கிளிப் போட்டு மாட்டுங்கள். பனி இறங்கினால் நாலரை மணிக்கே இருட்டும், பேட்டரி விளக்கு வேண்டும். சேலத்தில் இதற்கு நேர்மாறு. வெயிலில் வார்னிஷ் இளகி மணிகள் ஒட்டிக்கொள்ளும், பசை விடும், தாளின் நிறம் வெளுக்கும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நிழலில்லாத இடத்தில் கடை போடாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள். கூட வருபவர் அதே துக்கத்தில் இல்லாதவராக இருப்பது முக்கியம். அக்காவும் தங்கையும் சேர்ந்து போனால் ஒருவர் கலங்கியதும் மற்றவரும் கலங்குவார். தோழி, மச்சான், பக்கத்து வீட்டுப் பையன், யாரானாலும் சரி. யாரும் கிடைக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரரிடம் வந்ததுமே சொல்லிவையுங்கள்: "அண்ணா, எங்கப்பா தவறி மூணு மாசம்தான் ஆகுது. நடுவுல பத்து நிமிஷம் எழுந்து போனாலும் போவேன், கொஞ்சம் பாத்துக்கங்க." சந்தைக்காரர்கள் இதை மறுத்து நாங்கள் பார்த்ததில்லை. எழுந்து போகும்போது மேசைத் துணியின் மறுபாதியைப் பொருட்கள் மேல் மடித்துப் போட்டுவிட்டுப் போங்கள், கடை மூடியிருப்பது எல்லோருக்கும் புரியும்.

பணம் வந்ததா என்று உங்கள் போனில் பாருங்கள் அல்லது ஸ்பீக்கர் பெட்டி சொல்வதைக் கேளுங்கள். வாங்குபவரின் திரையில் காட்டும் பச்சை டிக்கை நம்பாதீர்கள். கவனம் சிதறியிருப்பவரைப் பார்த்தால் போலித் திரை காட்டுபவர்கள் கண்டுகொள்வார்கள். ஒவ்வொரு விற்பனையையும் அப்போதே நோட்டில் ஒரு கோடு போடுங்கள்.

விசாரிப்பவர்களுக்கு என்ன சொல்வது

பழைய வாடிக்கையாளர் வந்து, "அம்மாவக் காணோமே, வரலைங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். தயாராக ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அங்கேயே உடைந்துபோவீர்கள். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: "அம்மா ஆவணியில தவறிட்டாங்கக்கா. நீங்க கேட்டீங்களே, அதே போதும். இந்தா, இத பாருங்க." கடைசிச் சொல்லோடு ஒரு பொருளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கையில் பொருள் வந்ததும் பேச்சு அதன்மேல் திரும்பும். என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி என்று தொடர்பவரிடம், "வீட்டுக்கு வாங்கக்கா, உக்காந்து பேசலாம்" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

"அதுக்குள்ள கடை போட்டுட்டியா?" என்று கேட்பவர்களும் வருவார்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள். "ஆமாங்க அத்தை, வீட்ல இருந்தா ஒண்ணும் ஓடல" என்பதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சாப்பிடவும் சம்பாதிக்கவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நல்ல வியாபாரம் நடந்த அன்று ராத்திரி அழுகை அதிகமாக வரும். சொல்வதற்கு வீட்டில் அவர் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். மறுநாளை ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த நாளில் சந்தை வைக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, மணி சுருட்டக்கூட எழ முடியவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் கடையை ஒதுக்கிவைத்து 14416க்குப் பேசுங்கள். டெலி-மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

நினைவு நகை கேட்டு வருபவர்கள்

துணி வளையலைப் பார்த்ததும், "எங்கம்மா சேலை ஒண்ணு இருக்கு, இதே மாதிரி செஞ்சு தருவீங்களா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கூலி கிடைக்கும் வேலை, ஆனால் முதல் வருஷம் ஏற்காதீர்கள். அவர்கள் சேலையைக் கொடுக்கும்போதே கதையையும் கொடுப்பார்கள். இப்போது உங்களுக்கு உங்களுடையதே போதும். பெயரையும் போன் எண்ணையும் எழுதிக்கொண்டு, எப்போது கூப்பிடுவீர்கள் என்று மாதம் சொல்லி அனுப்புங்கள்.

ஏற்கத் தொடங்கிய பிறகு இப்படிச் செய்யுங்கள். முழுச் சேலையை வாங்காதீர்கள். உள்முனையில் 15 செ.மீ. வெட்டி எடுத்துவரச் சொல்லுங்கள், முதல் வெட்டு அவர்கள் கையாலேயே இருக்கட்டும். துணியை அளந்து, போட்டோ எடுத்து, நீள அகலத்தை ரசீதில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இற்ற இடம், கறை இருந்தால் அப்போதே காட்டுங்கள். பாதிப் பணம் முன்பணம். இரண்டு வாரத்தில் முடியும் என்று தோன்றினால் நான்கு வாரம் சொல்லுங்கள். ஒவ்வொருவர் துணியையும் தனித்தனிக் கவரில், பெயர் எழுதி வையுங்கள், ஒரே நாளில் இரண்டு பேர் துணியை மேசையில் எடுக்காதீர்கள். நகையைக் கொடுக்கும்போது மிஞ்சிய துணியை, நூல் பிசிர் உட்பட, அதே கவரில் போட்டு, ரசீதில் உள்ள அளவோடு சரிபார்த்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.